தகட்டு வேலைக்கு ஹைட்ரோஃபார்மிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டை, பிரஸ் என்று புழங்குபவர்கள் ஹைட்ரோஃபார்மிங் பற்றிப் பேசத் தொடங்கினால் திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய இந்தக் கேள்விகள்தான். மெஷின் விற்பவர்களின் கையேடு நல்லதை மட்டும் சொல்லும். பழைய டூல்ரூம் ஆட்கள் கெட்டதை மட்டும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறேன்.

ஹைட்ரோஃபார்மிங் என்றால் சுருக்கமாக என்ன?

வழக்கமான பிரஸ் வேலையில் தகட்டுக்கு மேலே ஒரு அச்சு (பஞ்ச்), கீழே ஒரு அச்சு (டை). இரண்டும் எஃகு. நடுவில் தகட்டின் கனத்துக்கு மட்டும் இடைவெளி விட்டு, ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்கார வேண்டும். ஹைட்ரோஃபார்மிங்கில் அந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் அழுத்தம் ஏற்றிய திரவத்தை வைக்கிறோம். மிச்சமிருக்கும் ஒரே அச்சின் மேல் திரவம் தகட்டை அமுக்குகிறது. தகடு அந்த உருவத்தை வாங்கிக்கொள்கிறது. இவ்வளவுதான். இதில் வரும் எல்லா நன்மையும், எல்லாத் தொல்லையும் இந்த ஒரே மாற்றத்திலிருந்து கிளைத்தவை.

தண்ணீரால் எஃகுத் தகட்டை வளைக்க முடியுமா?

அழுத்தம் போதுமான அளவு இருந்தால் தாராளமாக. 1000 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 டன். ஏ4 காகிதம் ஒன்றின் பரப்பு 620 சதுர செ.மீ.க்குச் சற்று மேலே. அந்த அளவுத் தகட்டின் மேல் 1000 பார் ஏறினால், 630 டன் எடை அதன் மேல் உட்கார்ந்த மாதிரி.

எடையைவிட அது எப்படி உட்காருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். எஃகுப் பஞ்ச் தகட்டை முதலில் எங்கே தொடுகிறதோ அந்த இடத்தைத்தான் பிடித்து இழுக்கும். மற்ற இடமெல்லாம் வேடிக்கை பார்க்கும். மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு என்று பள்ளியில் படித்த பாஸ்கல் விதி இங்கே அப்படியே வேலை செய்கிறது. சரிவான பக்கச்சுவரா, ஆழமான குழியா, ஓரத்து மடிப்பா என்று திரவம் பார்ப்பதில்லை. எல்லா இடத்திலும் தகட்டுக்குச் செங்குத்தாக, ஒரே அளவில் அமுக்கும்.

தகட்டைத் திரவம் நேரடியாகத் தொடும் மெஷின்களில் பெரும்பாலும் தண்ணீரோடு கொஞ்சம் எண்ணெயும் துருத் தடுப்பானும் கலந்த எமல்ஷன். ரப்பர் டயாஃப்ரம், அதாவது சவ்வு, உள்ள மெஷின்களில் ஹைட்ராலிக் ஆயில். அது ரப்பருக்குப் பின்னாலேயே நின்றுவிடும், தகடு காய்ந்தபடியே வெளியே வரும்.

எத்தனை வகை இருக்கிறது?

தகட்டுக்கு மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

டயாஃப்ரம் முறையில் அச்சை ஒரு தட்டில் வைத்து, அதன் மேல் தகட்டை வைத்து, மேலிருந்து ஒரு கனத்த ரப்பர் அல்லது பாலியூரித்தேன் சவ்வு வழியாக ஆயில் அமுக்குகிறது. விமான உதிரிப்பாகங்கள் செய்யும் இடங்களில் அதிகம் பார்க்கலாம். பெரிய மெஷின்களில் அழுத்தம் 800 பாரிலிருந்து 1400 பார் வரை சாதாரணம்.

அடுத்தது ஹைட்ரோமெக்கானிக்கல் டீப் டிராயிங், அதாவது திரவத்தின் துணையோடு தகட்டை ஆழமாக இழுப்பது. இங்கே பஞ்ச் இருக்கும். கீழே டை குழிக்குப் பதிலாகத் திரவம் நிறைந்த அறை. பஞ்ச் தகட்டைத் திரவத்துக்குள் தள்ள, திரவம் எதிர்த்து நின்று தகட்டைப் பஞ்சின் மேல் ஒட்டிப் பிடிக்கிறது. ஆழமான பாத்திர வடிவங்களுக்கு இதுதான் ராஜா. எதிரழுத்தம் பொதுவாகச் சில நூறு பார்.

மூன்றாவது, பஞ்ச் இல்லாமல் திரவமே தகட்டை ஒரு குழிக்குள் தள்ளுவது. ஆழம் குறைவாகவும் பரப்பு அதிகமாகவும் உள்ள பேனல்களுக்கு.

குழாய்க்குள் திரவத்தை ஏற்றி உப்பவைக்கும் முறையும் ஹைட்ரோஃபார்மிங்தான். கார் சேஸிஸ், சைக்கிள் ஃபிரேம் எல்லாம் அதில் வருகின்றன. அதன் கணக்கே வேறு என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை.

அச்சுச் செலவு உண்மையிலேயே பாதியாகுமா?

பாதிக்கும் கீழேயே போகும் பல வேளைகளில். ஒரு அச்சு இல்லாமல் போவது கண்ணுக்குத் தெரியும் மிச்சம். கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இன்னும் பெரியது: இரண்டு அச்சையும் ஒன்றோடு ஒன்று பொருத்தும் வேலை. டை ஸ்பாட்டிங் செய்தவர்களுக்குத் தெரியும். நீல மசியைத் தடவி, மூடி, திறந்து, எங்கே மசி ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைக் கல்லால் தேய்த்து, மறுபடி மூடி... வாரக்கணக்கில் ஓடும். திரவத்தோடு பொருத்திப் பார்க்க எதுவும் இல்லை. அது தானாகப் பொருந்திக்கொள்ளும்.

அதனாலேயே இன்னொரு வசதி. 1 மி.மீ. தகட்டுக்குச் செய்த அச்சில் 1.5 மி.மீ. தகட்டையும் போடலாம். வழக்கமான டையில் இடைவெளி மாறிவிட்டதால் ஒரு அச்சையாவது மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். வடிவமைப்பு இன்னும் முடிவாகாத காலத்தில், கனத்தை மாற்றி மாற்றிச் சோதிப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

டயாஃப்ரம் முறையில் அச்சு கடினப்படுத்திய எஃகாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அலுமினியம், துத்தநாக உலோகக் கலவை, எபாக்சி எல்லாம் ஓடும். முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் அச்சை வைத்துச் சில டஜன் பீஸ் எடுப்பதும் நடக்கிறது. ஏனென்றால் அச்சின் மேலும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சீராக வருகிறது. பஞ்ச் இடிப்பது போல ஒரு புள்ளியில் அடி விழுவதில்லை. ஆனால் உயரமாக, ஒல்லியாக நிற்கும் அச்சைப் பிளாஸ்டிக்கில் செய்துவிட்டு, சாய்ந்துவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள். சீரான அழுத்தம் என்பது அச்சு முழுக்க அமுங்கும்போதுதான். பாதி வழியில், ஒரு பக்கம் மட்டும் தகடு ஒட்டியிருக்கும்போது, அச்சு சாயத்தான் பார்க்கும்.

தகடு மெலிவது குறையும் என்கிறார்களே, எப்படி?

இதுதான் இந்த முறையின் உயிர்நாடி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கிண்ண வடிவத்தைச் சாதாரண டையில் இழுக்கும்போது கிண்ணத்தின் அடிப்பகுதி கிட்டத்தட்ட பழைய கனத்திலேயே இருக்கும். விளிம்புப் பக்கம் சற்றுத் தடிக்கும். நடுவே, அடியும் பக்கச்சுவரும் சந்திக்கிற வளைவுக்குச் சற்று மேலே, ஒரு வளையமாகத் தகடு மெலியும். கிழிந்தால் அங்கேதான் கிழியும். ஏன்? விளிம்பிலிருந்து உலோகத்தை உள்ளே இழுக்கத் தேவையான மொத்த விசையும் அந்த மெல்லிய வளையம் வழியாகத்தான் போகிறது. பஞ்ச் முனையைத் தவிர வேறு எதுவும் தகட்டைத் தாங்கவில்லை.

இப்போது வெளியிலிருந்து திரவம் தகட்டைப் பஞ்சின் மேல் இறுக்கிப் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் முழுக்கப் பஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது. உராய்வு, மற்ற இடங்களில் நமக்கு எதிரி, இங்கே கூட்டாளியாகிவிடுகிறது. இழுவிசையின் பெரும்பங்கைப் பஞ்சின் பக்கவாட்டு உராய்வே வாங்கிக்கொள்வதால், அந்தப் பாவப்பட்ட வளையத்துக்குப் பாரம் குறைகிறது. இன்னொரு பக்கம், டை விளிம்பில் திரவம் தகட்டைச் சற்றே தூக்கிவிடுகிறது. அங்கே இருக்க வேண்டாத உராய்வு குறைந்து, உலோகம் வழுக்கிக்கொண்டு உள்ளே வருகிறது. வேண்டிய இடத்தில் பிடிப்பு, வேண்டாத இடத்தில் வழுக்கல். பஞ்சுக்கு எண்ணெய் தடவாதீர்கள் என்று இந்த வேலையில் சொல்வது இதனால்தான். வழக்கமான பிரஸ்ஸில் பழகி வந்தவர்கள் பழக்க தோஷத்தில் பஞ்சையும் சேர்த்துப் பளபளவென்று தடவிவிட்டு, ஏன் கிழிகிறது என்று தலையைச் சொறிவார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வடிவமாக்க வெட்டி வைத்த தட்டையான தகட்டின் (பிளாங்க்) மேல் 5 மி.மீ. விட்டமுள்ள வட்டங்களை வரிசையாகப் பொறித்துவிட்டு வடிவமாக்குங்கள். வட்டங்கள் நீள்வட்டமாக மாறியிருக்கும். ஒரு வட்டம் நீளவாக்கில் 6 மி.மீ., அகலவாக்கில் 5.5 மி.மீ. ஆகிவிட்டது என்றால், உலோகத்தின் கன அளவு மாறாது என்பதால், 1 மி.மீ. தகடு அந்த இடத்தில் சுமார் 0.76 மி.மீ. ஆகியிருக்கும். சாதாரண டையில் எடுத்த பீஸையும் இதையும் பக்கத்தில் வையுங்கள். முன்னதில் ஒரே ஒரு வரிசை வட்டங்கள் அகோரமாக நீண்டு, மற்றவை சும்மா இருக்கும். பின்னதில் நீட்சி பல வரிசைகளில் பங்கு பிரிந்திருக்கும். நூறு வரைபடம் காட்டிச் சொல்வதைவிட இந்த இரண்டு பீஸ் தெளிவாகச் சொல்லும்.

அப்படியென்றால் எவ்வளவு ஆழம் கூடுதலாகக் கிடைக்கும்?

ஆழத்தை அளக்க இந்தத் தொழிலில் ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள்: பிளாங்க் விட்டத்தைப் பஞ்ச் விட்டத்தால் வகுப்பது. வழக்கமான டீப் டிராயிங்கில் ஒரே அடியில் (பஞ்சின் ஒரே இறக்கத்தில்) 2-ஐத் தொடுவது நல்ல வேலை. ஹைட்ரோமெக்கானிக்கல் முறையில், நல்ல தகடாக இருந்தால், 2.5-ஐத் தாண்டலாம்.

2, 2.5 என்று கேட்டால் பெரிய வித்தியாசம் போலத் தெரியாது. 100 மி.மீ. பஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 200 மி.மீ. பிளாங்கிலிருந்து கிடைக்கும் கிண்ணத்தின் உயரம் சுமார் 75 மி.மீ. அதே பஞ்சில் 260 மி.மீ. பிளாங்க் போட முடிந்தால் உயரம் சுமார் 144 மி.மீ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! கனம் மாறவில்லை என்று வைத்துப் போட்ட கணக்குதான், ஆனாலும் அளவு புரியும். வழக்கமான முறையில் இதை எட்ட இரண்டாவது அடி வேண்டும், அதற்குத் தனி டை வேண்டும், சில உலோகங்களில் நடுவில் உலையில் போட்டு இளக்கவும் வேண்டும். ஒரே அடியில் முடிந்தால் இந்த மூன்றும் மிச்சம்.

கூம்பு வடிவம், முட்டை வடிவம் எல்லாம் வருமா?

வரும், அவைதான் இந்த முறைக்கு மிகப் பொருத்தம். கூம்பைச் சாதாரண டையில் இழுக்கும்போது பஞ்ச் முனைக்கும் டை விளிம்புக்கும் நடுவே தகடு எந்தப் பிடிப்பும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும், அங்கே சுருக்கம் விழும். ஹைட்ரோஃபார்மிங்கில் தகடு அந்தரத்தில் தொங்க இடமே இல்லை. பின்னால் திரவம் அணைத்துக்கொண்டே வருகிறது.

மேற்பரப்பில் கீறல் விழாதா?

திரவம் தொடும் பக்கத்தில் விழாது. எஃகு டையின் விளிம்பில் தகடு உரசி வரும்போது விழும் நீளக்கோடுகள் இதில் இல்லை. கிச்சன் சிங்க், விளக்குப் பிரதிபலிப்பான், கார் வெளிப் பேனல் போன்றவற்றில் பிறகு செய்யும் பாலிஷ் வேலை குறைகிறது. ஏற்கெனவே பாலிஷ் போட்ட தகட்டையே வடிவமாக்குவதும் உண்டு.

அச்சு தொடும் பக்கம் வேறு கதை. அச்சில் ஒரு சிறு தூசு, ஒரு உலோகத் துகள் இருந்தால் 1000 பார் அழுத்தம் அதை அச்சு அசலாகத் தகட்டில் பதித்துவிடும். ஒவ்வொரு பீஸுக்கும் முன்னால் அச்சைத் துடைக்கிற துணிக்கு இந்த வேலையில் தனி மரியாதை.

ஸ்பிரிங்பேக் முற்றிலும் போய்விடுமா?

போகாது. யாராவது போய்விடும் என்று சொன்னால் அடுத்த ஆளிடம் கேளுங்கள். உலோகம் மீள்தன்மை உள்ளவரை, அழுத்தத்தை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்யும். ஆனால் பின்வாங்கும் அளவு குறையும், ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே மாதிரி இருந்தால் அச்சின் கோணத்தில் ஈடு கட்டிவிடலாம்.

கூர்மையான மூலைகள் வேண்டுமே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திரவம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அமுக்கும் என்பதால் மூலைக்கென்று தனியாகக் கூடுதல் விசை கிடையாது. மூலையின் ஆரம் சிறிதாகச் சிறிதாகத் தேவையான அழுத்தம் எகிறும். தோராயக் கணக்கு எளிது: தகட்டின் வலிமையைக் கனத்தால் பெருக்கி, மூலை ஆரத்தால் வகுத்தால் அழுத்தம்.

400 மெகாபாஸ்கல் வலிமையுள்ள 1 மி.மீ. தகட்டில் 5 மி.மீ. ஆர மூலை வேண்டும் என்றால் 80 மெகாபாஸ்கல், அதாவது 800 பார். 3 மி.மீ. என்றால் 1300 பாருக்கு மேல். 1 மி.மீ. என்றால் 4000 பார். அந்த அழுத்தத்தில் ஓடும் தகட்டு மெஷினைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வரைபடத்தில் ஆரத்தை 3-லிருந்து 6-ஆக மாற்றும்படி வடிவமைப்பாளரிடம் கெஞ்சுவது, பெரிய மெஷின் வாங்குவதைவிட எப்போதும் மலிவு. கட்டாயம் கூர்மை வேண்டும் என்றால், முதலில் ஹைட்ரோஃபார்மிங், பிறகு அந்த மூலையை மட்டும் ஒரு சிறிய எஃகு டையில் ஒரு தட்டு.

எந்தெந்த உலோகங்களில் செய்யலாம்?

நீளக்கூடிய எதிலும். குறைந்த கார்பன் எஃகு, 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு, செம்பு, பித்தளை, அலுமினியம், நிக்கல் உலோகக் கலவைகள். டைட்டானியத்தில் தூய வகைகள் அறை வெப்பத்தில் ஓரளவு வரும்; வலிமை கூடிய கலவைகளுக்குச் சூடு வேண்டும். சூடு என்றதும் திரவத்துக்கும் ஒரு எல்லை வந்துவிடுகிறது. எண்ணெய் தாங்குவது ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரைதான், அதற்கு மேல் வாயுவால் அமுக்கும் முறைகளுக்குப் போக வேண்டும்.

அலுமினியத்துக்குத்தான் இந்த முறையால் லாபம் அதிகம். ஆழமாக இழுப்பதற்கென்றே தயாரித்த எஃகு, இழுக்கும்போது கனத்தில் மெலிவதைவிட அகலத்தில் சுருங்கிக் கொடுக்கும். அலுமினியம் அந்தக் குணம் இல்லாதது. சட்டென்று மெலிந்து கிழியும். அதற்கு அணைப்பு தேவை, திரவம் அதைத் தருகிறது.

விமானத் தகடுகளில் ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். 2024 வகை அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்ததும் கொஞ்ச நேரம் மென்மையாக இருக்கும். அறை வெப்பத்தில் நேரம் போகப் போகத் தானே கெட்டியாகிவிடும். அந்த இடைவெளிக்குள் டயாஃப்ரம் பிரஸ்ஸில் வைத்து அமுக்கிவிடுவார்கள். உடனே முடியாவிட்டால் தகடுகளை உறைகுளிர் பெட்டியில் போட்டுக் கடிகாரத்தை நிறுத்திவைப்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்த தகட்டைச் சில்லென்று கையில் பிடித்துக்கொண்டு பிரஸ்ஸை நோக்கி ஓடும் ஆளைப் பார்த்தால், நடப்பது உலோக வேலை என்றே தோன்றாது.

ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம்?

மெதுவான முறைதான், மறைக்க ஒன்றுமில்லை. மெக்கானிக்கல் பிரஸ் சில விநாடிக்கு ஒரு அடி அடிக்கும். இங்கே அறையை நிரப்பி, மூடி, அழுத்தம் ஏற்றி, இறக்கி, திறக்க அரை நிமிடத்திலிருந்து சில நிமிடம் ஆகும்.

டயாஃப்ரம் மெஷினில் இதற்கு ஒரு ஈடு உண்டு. தட்டின் மேல் இடம் இருக்கும்வரை, வேறு வேறு வடிவத்தில் பத்து அச்சுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம். ஒரே அமுக்கலில் பத்துப் பாகம். இடதும் வலதுமாக ஜோடி பாகங்கள் வேண்டுமென்றால் ஒரே தகட்டுக் கட்டிலிருந்து, ஒரே அழுத்தத்தில், ஒரே நேரத்தில் கிடைக்கும்.

எத்தனை பீஸ் வரை இது லாபம்?

உங்கள் கணக்கை நீங்களே போடலாம். அச்சில் மிச்சமாகும் தொகையை, ஒரு பீஸுக்கு மெஷின் நேரத்தால் கூடும் தொகையால் வகுங்கள். 3000 என்று விடை வந்தால் 3000 பீஸ் வரை ஹைட்ரோஃபார்மிங், அதற்கு மேல் எஃகு டை. கணக்குப் போடும்போது எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது டை, மூன்றாவது டை, நடுவில் உலை, பாலிஷ் எல்லாவற்றையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் முதல் டையின் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டுவிட்டு, சாதாரண பிரஸ்தான் மலிவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வருடத்துக்கு லட்சக்கணக்கில், ஆழம் குறைந்த எளிய வடிவம் என்றால் இந்தப் பக்கத்தையே நீங்கள் படித்திருக்க வேண்டாம்.

கார் பேனல்களில் இதனால் என்ன பயன்?

பானெட் போன்ற பெரிய, லேசாக வளைந்த பேனலைச் சாதாரண டையில் எடுத்தால் ஓரங்கள் நன்றாக நீளும். நடுப்பகுதி கிட்டத்தட்ட நீளவே நீளாது. நீளாத உலோகம் கெட்டிப்படாது. அதனால் நடுவில் விரலால் அமுக்கினால் டின் மூடி மாதிரி 'டொப்' என்று உள்ளே போய் வரும். ஹைட்ரோஃபார்மிங்கில் முதலில் திரவத்தால் தகட்டை எதிர்ப்பக்கம் லேசாக உப்பவைத்து, நடுப்பகுதியையும் நீட்டிவிட்டு, அதன் பிறகு பஞ்சால் இறுதி வடிவம் கொடுக்கலாம். நடுப்பகுதியும் கெட்டிப்படுவதால், அதே கனத்தில் பள்ளம் விழாத பேனல் கிடைக்கிறது.

2006 மாடலாக வந்த பொன்டியாக் சால்ஸ்டிஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் வெளிப் பேனல்களுக்குத் தகட்டு ஹைட்ரோஃபார்மிங்கைப் பயன்படுத்தினார்கள். உற்பத்தி எண்ணிக்கை குறைவு, வளைவுகள் ஆழம். மேலே சொன்ன கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்திய கார்.

துளை போட்ட பிளாங்கை வைக்கலாமா?

டயாஃப்ரம் இருந்தால் சிறு துளைகள் வைக்கலாம். ஆனால் துளையும் சேர்ந்து இழுபட்டு உருமாறும். டயாஃப்ரம் இல்லாமல் திரவம் நேரடியாகத் தொட்டால் துளை வழியே அழுத்தம் ஒழுகிவிடும். வடிவமாக்கிய பிறகு லேசரில் வெட்டுவதே நல்லது.

மெஷின் ஏன் இவ்வளவு பெரியதாக இருக்கிறது?

1 மீட்டருக்கு 1 மீட்டர் பரப்பில் 500 பார் ஏற்றினால், மெஷினைப் பிளக்கப் பார்க்கும் விசை 5000 டன்னைத் தாண்டும். அந்த விசையை மூடிய நிலையில் பிடித்து வைக்க ஒரு சட்டகம் வேண்டாமா? பெரிய டயாஃப்ரம் மெஷின்களில் சட்டகத்தைச் சுற்றி முன்னிறுக்கத்தோடு எஃகுக் கம்பியைப் பல அடுக்காகச் சுற்றியிருப்பார்கள், சட்டகம் எப்போதும் அமுக்க நிலையிலேயே இருந்து விரிசல் விடாமலிருக்க.

இவ்வளவு அழுத்தம் ஆபத்தில்லையா?

ஆபத்து உண்டு, பலர் நினைக்கும் விதத்தில் இல்லை. 1000 பாரில் தண்ணீர் சுமார் 4 சதவீதம்தான் சுருங்குகிறது. அமுக்கிய காற்று போல ஏராளமான ஆற்றலைச் சேமித்து வைக்காததால், தகடு கிழிந்தால் 'டப்' என்ற சத்தத்தோடு அழுத்தம் சட்டென விழுந்துவிடும். பயப்பட வேண்டியது ஊசிமுனைக் கசிவுக்கு. ஹோஸ் பைப்பிலோ சீலிலோ இருந்து மெல்லிய தாரையாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் அப்போது பெரிதாக இருக்காது. அதை அலட்சியப்படுத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம். கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடக் கூடாது, ஒரு அட்டையைக் காட்டித்தான் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் அதிகம் தவறுவது எங்கே?

இரண்டு இடம். ஒன்று, அழுத்தத்தை எப்போது ஏற்றுவது என்பது. ஹைட்ரோமெக்கானிக்கல் முறையில் எதிரழுத்தம் தாமதமாக வந்தால், அதற்குள் பஞ்ச் முனையில் தகடு மெலிந்துவிடும். சீக்கிரமாகவும் அதிகமாகவும் வந்தால், பஞ்சுக்கும், தகட்டின் விளிம்பை அமுக்கிப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தகடு மேல்நோக்கி உப்பி வெடிக்கும். கிழிசல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்: கீழே வளைவில் கிழிந்திருந்தால் அழுத்தம் போதவில்லை, மேலே விளிம்பருகே கிழிந்திருந்தால் அழுத்தம் அவசரப்பட்டுவிட்டது. விளிம்பில் சுருக்கம் விழுந்தால் பிளாங்க் ஹோல்டர் விசையைக் கவனியுங்கள்.

இன்னொன்று, பிசிறு, அதாவது வெட்டிய விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் கூர். நான் டயாஃப்ரம் பிரஸ்ஸில் வேலை பழகிய நாட்களில், வெட்டுமெஷினின் பிளேடு மழுங்கியது தெரியாமல் வெட்டிய பிளாங்குகளை அப்படியே ஏற்றினேன். ஒரு மூலையில் நகம் அளவுப் பிசிறு. பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ பீஸில் சவ்வு கிழிந்தது. தகடு, அச்சு, தட்டு, தரை, என் செருப்பு எல்லாம் ஆயில். சவ்வை மாற்றவே அன்றைய மீதிப் பொழுது போயிற்று. பக்கத்தில் இருந்த மூத்தவர் திட்டவில்லை; ஒரு சிட்டிகைப் பருத்திப் பஞ்சை உருட்டி, மிச்சமிருந்த பிளாங்குகளின் விளிம்பில் ஓட்டிக் காட்டினார். பிசிறு இருந்த இடத்திலெல்லாம் நூல் நூலாகச் சிக்கி நின்றது. அதிலிருந்து என் மேசையில் பஞ்சு இல்லாமல் இருந்ததில்லை.

இது புதுத் தொழில்நுட்பமா?

இல்லை. 1930களின் இறுதியில் டக்ளஸ் விமான நிறுவனத்தில் ஹென்றி கெரின் என்பவர் கனத்த ரப்பர் மெத்தையால் தகட்டை அச்சின் மேல் அமுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ரப்பருக்குப் பின்னால் திரவத்தை வைத்தால் அழுத்தம் இன்னும் சீராகும் என்று பிறகு வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் குழாய்க்குள் திரவம் ஏற்றி வடிவமாக்கியது எதற்குத் தெரியுமா? சமையலறைத் தண்ணீர்க் குழாயின் வளைந்த மூக்குக்கு. புதிதாக வந்தது கணினிக் கட்டுப்பாடும் சிமுலேஷனும். எந்த நொடியில் எவ்வளவு அழுத்தம் என்பதை முன்பு தகடுகளைக் கிழித்துக் கிழித்துத்தான் கற்றுக்கொண்டார்கள். இப்போது முதலில் திரையில் கிழித்துப் பார்க்கலாம்.

வேலையை வெளியே கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

வரைபடத்தோடு தகட்டின் வகை, கனம், எந்த நிலையில் கெட்டிப்படுத்தியது என்பதை எழுதுங்கள். எந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும் பக்கம், அளவு எந்தப் பக்கத்திலிருந்து என்று குறிப்பிடுங்கள். அச்சு தொடும் பக்கம்தான் துல்லியமாக வரும், எதிர்ப்பக்கம் தகட்டின் கன வேறுபாட்டைப் பொறுத்தது. எந்த இடத்தில் எவ்வளவு வரை மெலியலாம் என்ற எண்ணைக் கொடுங்கள். 'மெலியக் கூடாது' என்று மட்டும் எழுதி அனுப்பினால், பட்டறைக்காரர் சிரித்துவிட்டு விலையை ஏற்றிவிடுவார். இன்னும் பெரிதாக்க இடமிருக்கும் மூலை ஆரங்களைப் பென்சிலால் வட்டமிட்டு அனுப்புங்கள், தொலைபேசியில் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.